சுண்டல் கிண்ணத்தோடு கேட்ட செய்தி

என் மகள் லண்டனில் அரசியல் செய்தி எழுதுகிறவள். இங்கே அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்கிற ஊரில் இருக்கிற நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் காதில் ஏறாது. டாக்டரா ஆன்ட்டி, ஐ.டி.யா ஆன்ட்டி என்று இரண்டு தரம் கேட்பார்கள். இரண்டும் இல்லை, மந்திரிகளைக் கேள்வி கேட்கிற வேலை என்பேன். அதற்கப்புறம் என்னைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறும். மாறட்டும் என்றுதான் சொல்வது.

நான் நாலாவது வரைக்கும் போனவள். கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து நேரே லண்டனுக்குப் போனேன். வீட்டுக்காரர் அங்கே பஸ் ஓட்டினார். நான் ரொட்டிக்கு நடுவில் முட்டையும் தக்காளியும் வைத்து அடைக்கிற ஃபாக்டரியில் குளிரில் நின்றேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் காது வழியாக வரும், கண் வழியாக வராது. அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் அது அப்படியே நின்றுவிட்டது. அதற்காக நான் தலை குனிந்தது கிடையாது.

மகள் பிறந்தது அங்கே. பேச்சு மட்டும் என் பேச்சு. நாங்கள் இருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். ஓட்டுக் கேட்டுக் கவுன்சிலர் ஒருத்தர் வாசலுக்கு வந்தார். மகள் அப்போது பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவரிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நிறையப் பேசினார். என் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு ஒண்ணுமே சொல்லலம்மா. லிஃப்ட் எப்பன்னு கேட்டா, உங்க பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்றாரு" என்றாள். இன்றைக்கும் அவள் செய்கிற வேலை அதுதான். வாசல்தான் பெரிதாகிவிட்டது.

படித்து முடித்ததும் வடக்கே ஒரு சின்ன ஊரில் பத்திரிகையில் சேர்ந்தாள். ஊர்க் கவுன்சில் கூட்டத்தை எழுத வேண்டும். குப்பை வண்டி, பாலம், வரி. முதல் வாரத்திலேயே அவளுடைய ஆசிரியர், உன் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுது என்று திட்டினாராம். அது அங்கே எல்லோருக்கும் சொல்கிற பேச்சுத்தான். இவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எழுதினதை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு போன் பண்ணித் தமிழில் சொல்வாள். எனக்கு எங்கே புரியவில்லையோ அங்கே நிறுத்தித் திருப்பி எழுதுவாள். சில நாள் நான் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பேன், பாதி காதில் விழாது. "அது விளங்கல அம்மிணி" என்று சும்மா சொல்லிவைப்பேன். பாவம், அதையும் திருத்துவாள்.

பிறகு லண்டனில் பார்லிமென்ட்டுக்கே வந்துவிட்டாள். பிரதம மந்திரி வீட்டுக் கறுப்புக் கதவுக்கு முன்னால் மழையில் நின்று டிவியில் பேசுவாள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், குடை பிடித்திருக்கிறாளா என்று பார்ப்பேன். கல்யாணம் என்றால் அடுத்த தேர்தல் முடியட்டும் என்பாள். அந்த ஊரில் தேர்தல் முடிந்த பாடில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனாலும் அந்த போன் மட்டும் நிற்கவில்லை. வரி, போர், ராஜினாமா, எதுவானாலும் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவாள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேசப் போகிறவர் முதலிலேயே, இதை எழுத வேண்டாம் என்று கேட்க வேண்டும். இவளும் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவர் சொல்வது பூட்டின பெட்டி. வாயைத் திறந்து கொட்டிவிட்டு, கடைசியில் எழுதாதே என்றால் செல்லாது. ஒரு மந்திரி விருந்தில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொந்தக் கட்சியையே கேவலமாகப் பேசிவிட்டுக் கடைசியில், நமக்குள் இருக்கட்டும் என்றாராம். இவள் எழுதிவிட்டாள். அவர் பதவி போயிற்று. விருந்தில் சாப்பிட்டுவிட்டு இப்படிச் செய்வதா என்று அவருடைய ஆட்கள் இவளை ஏசினார்கள். நான் கோயிலில் ஒவ்வொருத்தரிடமும் போய் அது என் மகள் என்று சொன்னேன்.

வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னை டெக்சாஸுக்கு அழைத்துக்கொண்டு வந்தான். அவன் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், சிட்டிசன் ஆகிவிட்டான். மருமகள் சென்னைப் பெண், நல்ல பெண். வீடு பெரியது. ஆனால் காலுக்கு வேலை இல்லை. எங்கே போவதானாலும் யாராவது கார் எடுக்க வேண்டும். கேட்டால் எடுப்பார்கள். கேட்பது எனக்குப் பழக்கமில்லை. அதனால் காலையில் தெருவைச் சுற்றிச் சுற்றி நடப்பேன்.

போன வருஷம் தேர்தல் நேரத்தில் மகள் இங்கே வந்தாள். அவளுடைய பத்திரிகையில் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. இப்போது தனியாக எழுதுகிறாள். இந்த அமெரிக்கத் தேர்தலை எழுதினால் லண்டனில் ஒரு பெரிய பத்திரிகை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லி வந்திருந்தாள். நன்றாக அமைந்தால் தொடர்ந்து எழுதச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இந்த வயதில் வேறு தொழில்தான் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் என்னோடு நடக்க வந்தாள். நான் போகிற வருகிற காருக்கெல்லாம் கை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, என்னத்துக்கும்மா எல்லாருக்கும் கை ஆட்டற என்று கேட்டாள். நான் சொன்னேன். அதற்கு முந்தின வருஷம் நாலாவது தெருவில் ஒரு வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. விடியற்காலையில் சாமிக்கு என்று பறித்தேன். நம் ஊரில் யார் வீட்டு வேலியிலும் சாமிக்குப் பூ பறிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அந்த வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரப் பையன் மரியாதையாகத்தான் இருந்தான். வீட்டில் கொண்டுவந்து விட்டான். என் முந்தானையில் பூ அப்படியே இருந்தது. மகனுக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்த நாளே கடையில் போய் ஒரு அமெரிக்கக் கொடி வாங்கிவந்து வாசல் புல்லில் நட்டான். நான் கை ஆட்ட ஆரம்பித்தேன். கை ஆட்டுகிற கிழவியைப் பற்றி யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது, "தம்பிகிட்ட நான் இதச் சொன்னேன்னு சொல்லிப்போடாத" என்றேன்.

அந்த வாரம் மருமகள் கொலு வைத்தாள். எங்கள் பக்கத்தில் கொலு வைக்கிற வழக்கமில்லை. இங்கே வந்துதான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்துப் படி கட்டிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வாசலில் செருப்பு மலை. மகள் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டே, நான் பத்திரிகைக்காரி, தேர்தலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்று தானே சொல்லிக்கொண்டாள். மறைக்கவில்லை.

வந்தவர்களில் அடுத்த தெருப் பையன் ஒருத்தன். பையன் என்றாலும் முப்பத்தைந்து வயது இருக்கும், பெண்டாட்டியும் கைக்குழந்தையும் உண்டு. வேலை விசாவில் இருக்கிறான். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வாசல் புல்லில் ஒரே வேட்பாளருடைய பெயர் போட்ட தேர்தல் பலகை. இவன் வாசலிலும் அது உண்டு. எங்களுக்கெல்லாம் அது ஆச்சரியம்தான். அந்த ஆள் இந்த விசாவைக் குறைப்பேன் என்று பேசுகிறவர். இவனுக்கோ ஓட்டே கிடையாது.

மகள் கையில் சுண்டல் கிண்ணத்தோடு, சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, ஏங்க அந்தப் பலகை என்று கேட்டாள். அவ்வளவுதான், அவன் கொட்டிவிட்டான். வேலை போய் ஒரு மாதமாகிறதாம். இன்னும் ஒரு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். அவர்தான் தன் பலகையோடு இவனுக்கும் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். இவன் நட்டான். அதற்குப் பிறகு அவர் தன் கம்பெனியில் இவனுக்காகச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"டெய்லி மார்னிங் அது ஸ்ட்ரெய்ட்டா நிக்குதான்னு செக் பண்றேன்க்கா" என்றான். "காத்துல சாஞ்சிருந்தா நிமித்தி வெக்கிறேன். என்னை வெளிய அனுப்பறேன்னு சொல்ற ஆளோட போர்டு. என் பொண்ணு அவர் பேரைத்தான் முதல்ல ஸ்பெல் பண்ணக் கத்துக்குவா போல."

அவனே சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு அசையாமை வந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். மந்திரி கதையைச் சொன்னபோது இருந்த முகம்.

அவன் பெண்டாட்டி குங்குமம் வாங்கிக்கொண்டாள். வாசலில் ஷூவை மாட்டும்போது அவன் திரும்பி, "அக்கா, இதெல்லாம் எழுதிடாதீங்க" என்றான். நம் வழக்கமே அதுதானே. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, செருப்பு மாட்டும்போதுதான் யாரிடமும் சொல்லாதே என்போம். மகள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, பார்க்கலாம் என்று ஆட்டினாளா, எனக்கே தெரியவில்லை. அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

பாத்திரம் கழுவும்போது நான் ஆரம்பித்தேன். அந்தப் பையன் பேச்சை எழுதாதே என்றேன். பெயர் போட மாட்டேன் என்றாள். பெயர் எதற்கு, அந்தத் தெருவில் பலகை வைத்த தமிழ் வீடு ஒன்றுதான், எதிர்வீட்டுக்காரர் படித்தால் தெரியாதா என்றேன். லண்டன் பத்திரிகையை அவர் ஏன் படிக்கப்போகிறார் என்றாள். ஹூஸ்டனில் இருக்கிற நம் ஆட்கள் படிப்பார்கள், படித்தால் சும்மா இருப்பார்களா, நாலு குரூப்பில் போட மாட்டார்களா என்றேன். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

"அவருகிட்ட நான் முதல்லயே சொல்லிட்டேம்மா, எழுதறவன்னு" என்றாள் கொஞ்சம் கழித்து. "பேசி முடிச்சுட்டு எழுதாதன்னா செல்லாது. உனக்கே தெரியும்."

"அவன் உன்னய அக்கான்னான்."

"மந்திரிக டார்லிங்னே சொல்லியிருக்காங்க."

"உன்ற கையில நோட்டு இருந்துச்சா? சுண்டல் கிண்ணம் இருந்துச்சு. நம்மூட்டுச் சுண்டல்."

"அந்த விருந்துலயும் சோறுதான் போட்டாங்க. அன்னைக்குக் கோயில்ல ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டியே? அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?"

"ஆமா" என்றேன். "அவரு விழுந்தாரு, மெத்தை மேல விழுந்தாரு. இவன் எங்க விழுவான்?"

குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த ஒரு விஷயம் இல்லாவிட்டால் தன் கட்டுரையில் உயிரே இல்லை, மற்ற எல்லோரும் பேப்பரில் வருகிற மாதிரியே பேசுகிறார்கள் என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் உழைத்தவள், இந்தக் கட்டுரையோடு எல்லாம் போய்விடுமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் நான் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

இரண்டு நாளில் அவள் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்வாள் என்று காத்திருந்தேன். போன் வரவில்லை.

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன், பொங்கி வழிந்த பிறகு வருவேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருவேன். ஊர் சங்கதி கேட்கிற மாதிரி நானே கூப்பிட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. வழக்கத்தை முறித்தவள் அவள், அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன். டிவியில் தேர்தல் சத்தம் வந்தால் அணைத்துவிடுவேன். மருமகள் என்னைப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டீங்களா அத்தை என்று கேட்டாள். போட்டேன் என்றேன். போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

அந்தப் பையன் ஒரு சாயங்காலம், கொலுவன்று கொடுத்தனுப்பின சுண்டல் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வியாழக்கிழமை இன்டர்வியூ என்றான். எதிர்வீட்டுக்காரர் சொன்னபடி சொல்லிவிட்டாராம். டப்பாவை நீட்டினவன் அதை விடாமல் பிடித்துக்கொண்டே, அக்கா ஏதாவது எழுதினாங்களா ஆன்ட்டி என்றான். தெரியவில்லை கண்ணு என்றேன். அது நிஜம். ஆனால் நிஜத்தைச் சொன்ன மாதிரி இல்லை. அவன் போன பிறகு டப்பாவைத் திறந்தால் உள்ளே அவன் பெண்டாட்டி கேசரி வைத்திருந்தாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் காபியும் ஒரு கையில் போனுமாக நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா எழுதினது வந்திருக்கிறது என்றாள். படி என்றேன். அவள் படிக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு போனை அவனிடம் கொடுத்தாள். அவன் நின்றபடியே படித்தான். முகம் செம்பருத்தி விஷயத்தன்று எப்படி இருந்ததோ அப்படி ஆயிற்று. எனக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்றைக்குத்தான் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

"அந்தப் பையனப் பத்தி என்ன எழுதியிருக்கா?" என்றேன்.

"எந்தப் பையன்?" என்றான் மகன்.

"பலகை வெச்சவன்."

"பலகை பத்தி ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் நம்ம வீடு. போலீஸ் வந்தது, நான் கொடி நட்டது, நீ கை ஆட்டறது. அக்காகிட்ட நீயா சொன்ன?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதிதான், பொய் சொல்வானேன். பையன் தப்பித்தான். அதற்கு அடுத்த நிமிஷம்தான் மற்றது உறைத்தது. அவன் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்களை வைத்துவிட்டாள். இரண்டும் ஒரே கதைதான், பலகைக்குப் பதில் கொடி. நாங்கள் விழுந்தால் சிராய்ப்பு. மகன் சிட்டிசன், அவனை யாரும் அனுப்ப முடியாது. கணக்குப் பார்த்தால் அவள் செய்தது சரி. ஆனால் மகனுடைய மானமும் மானம்தானே. நான் சொன்னேன் என்றேன் அவனிடம். தம்பிகிட்ட சொல்லாதே என்று கடைசியில் சொன்னேன், செருப்புக் கழற்றும்போது என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசல் புல்லில் கொடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிடுங்கப்போகிறான் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். லண்டனில் அப்போது சாயங்காலம். கோபமா என்றுகூடக் கேட்கவில்லை. எப்பவும் போல, சொல்லட்டுமாம்மா என்றாள். சொல்லு என்றேன். முழுவதையும் தமிழில் சொன்னாள். நான் வெங்காயம் அரியவில்லை, ஒன்றும் செய்யவில்லை, கேட்டேன். பெயர் இல்லை, தெரு இல்லை. ஒரு வயதான அம்மா, முந்தானை நிறையப் பூ, பக்கத்தில் ஒரு போலீஸ்காரன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கடைசிக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னேன்.

"நான் பயத்துல கை ஆட்டறேன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

"நான் எங்க பயந்தேன்? நான் யாருக்கும் பயந்தவ இல்ல. மாத்து."

"அச்சாகிப்போச்சும்மா."

"முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தா மாத்தச் சொல்லியிருப்பேனில்ல?"

"அதுக்குத்தான் கூப்பிடல" என்றாள்.

பிறகு அவள், இன்னும் இரண்டு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னாள். சரி என்றேன். குடை வைத்துக்கொள் என்றேன்.

மகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் அந்தக் கொடியைப் பயத்தில் வைக்கவில்லை, அக்கா தப்பாக எழுதியிருக்கிறாள் என்றான். நானும் அதைத்தான் அவளிடம் சொன்னேன் என்றேன். மருமகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து போனாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள்.

அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. சொல்ல வந்தபோது அக்காவுக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க என்றான். எதற்கு என்று அவனுக்கும் முழுதாகத் தெரியாது, நானும் சொல்லவில்லை. தேர்தல் முடிந்து தெருவெல்லாம் பலகையைப் பிடுங்கின பிறகும் அவன் வாசலில் அது பல நாள் நின்றது. எதிர்வீட்டுக்காரர் தன்னுடையதை எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.

நான் இன்னும் காலையில் நடக்கிறேன். ஆனால் முன்னைப் போல இல்லை. கார் சத்தம் கேட்டால் கை தானாக எழுந்திருக்கும், இப்போது பாதியில் நிற்கிறது. மரியாதைக்கா எழும்புகிறது, அவள் எழுதின அந்தப் பயத்துக்கா என்று யோசிப்பதற்குள் கார் போய்விடுகிறது. அதற்குள் அடுத்த கார் திரும்பி வருகிறது.